சர்வர் ஓடவில்லையா? ரீ-இன்ஸ்டால் செய்யாதீர்கள், லாகைப் படியுங்கள்!

ஜனவரி பிறந்தால் மதுரையில் ஜல்லிக்கட்டு சீசன் மட்டுமல்ல, புராஜெக்ட் சீசனும் தொடங்கிவிடுகிறது. பி.சி.ஏ., எம்.சி.ஏ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.இ. என்று இறுதியாண்டு படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் புதிதாக ஒரு லேப்டாப்போ டெஸ்க்டாப்போ வந்து இறங்குவது பெரும்பாலும் இந்தச் சமயத்தில்தான். கே.கே. நகர், அண்ணா நகர், மாட்டுத்தாவணி பக்கம் உள்ள கம்ப்யூட்டர் கடைகளில் விசாரித்தால் இது புரியும். "புராஜெக்ட்டுக்கு எது சார் நல்லது?" என்று கேட்டுத்தான் பாதிப் பேர் வாங்குகிறார்கள்.

வாங்கிய இரண்டாவது வாரம் அடுத்த கேள்வி வருகிறது. "சார், கம்ப்யூட்டர் புதுசு. ஆனால் ஜாவா சர்வர் ஓட மாட்டேன் என்கிறது. கம்ப்யூட்டரில் கோளாறா? விண்டோஸை மறுபடியும் போட வேண்டுமா?"

வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் இல்லை. சர்வர் ஏன் ஓடவில்லை என்று சர்வரே எழுதி வைத்திருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை என்பதுதான் கோளாறு. படிக்காமல் விடுவதால் ஒரு மாணவர் எதை இழக்கிறார், வீட்டுக் கம்ப்யூட்டருக்கு என்ன ஆபத்து வருகிறது என்பதைத்தான் இந்த மாதம் பார்க்கப் போகிறோம்.

ஓட்டல் சர்வரும் கம்ப்யூட்டர் சர்வரும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நீங்கள் ஓட்டலுக்குப் போகிறீர்கள். கண்ணாடிப் பெட்டியில் வடை இருக்கிறது. கேட்டவுடன் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். சாதாரண எச்.டி.எம்.எல். பக்கம் இப்படித்தான். முன்பே தயாராக இருக்கிறது, கேட்டதும் வருகிறது.

ஆனால் "நெய் ரோஸ்ட், வெங்காயம் வேண்டாம்" என்று சொன்னால்? சர்வர் அதைக் குறித்துக்கொண்டு உள்ளே போய்ச் சொல்கிறார். மாஸ்டர் உங்களுக்காகவே அதைச் சுட்டுக் கொடுக்கிறார். உங்கள் ரோல் நம்பரைக் கொடுத்தால் உங்கள் மார்க்கை மட்டும் காட்டும் இணையப் பக்கம் இந்த வகை. கேட்ட பிறகுதான் அது தயாராகிறது.

ஜாவா மொழியில் எழுதிய இப்படிப்பட்ட அப்ளிகேஷன்களுக்கு ஆர்டர் எடுத்து, உள்ளே அனுப்பி, விடையைக் கொண்டுவந்து தருகிற சாஃப்ட்வேர்தான் ஜாவா வெப் அப்ளிகேஷன் சர்வர். ஜேபாஸ், வெப்லாஜிக், வெப்ஸ்பியர், ஜெட்டி என்று பல உண்டு. நம் மாணவர்களுக்கு அதிகம் பழக்கமானது டாம்கேட்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதத் தொடங்கிய இந்த சாஃப்ட்வேர், 1999இல் அப்பாச்சி அமைப்பிடம் இலவசமாக ஒப்படைக்கப்பட்டது. ஓ'ரெய்லி பதிப்பகத்தின் கம்ப்யூட்டர் புத்தகங்களில் அட்டையில் ஏதாவது ஒரு விலங்கின் படம் இருக்கும். தன் சாஃப்ட்வேருக்கும் ஒரு நாள் புத்தகம் வரும் என்று நினைத்த டேவிட்சன், தன்னைத்தானே பார்த்துக்கொள்ளக்கூடிய பிராணி என்று ஆண் பூனையின் பெயரைத் தேர்ந்தெடுத்தார். 2003இல் புத்தகம் வந்தபோது அட்டையில் இருந்தது பனிச்சிறுத்தை! பூனைப் படத்தை வேறு புத்தகத்துக்கு ஏற்கெனவே பயன்படுத்திவிட்டார்களாம்.

இது மாணவர்கள் விளையாடுகிற சமாச்சாரம் மட்டும் என்று நினைக்காதீர்கள். அட்வென்ட்நெட் என்ற பெயரில் 1996இல் தொடங்கி, 2009இல் ஜோஹோ என்று பெயர் மாறிய நம் ஊர் நிறுவனத்தின் மேனேஜ்இன்ஜின் தயாரிப்புகள் பலவும் ஜாவாவில் எழுதப்பட்டவை. அலுவலகங்களில் கம்ப்யூட்டர் புகார்களைக் கவனிக்கும் சர்வீஸ்டெஸ்க் பிளஸ் என்ற அதன் சாஃப்ட்வேருக்குள் டாம்கேட்தான் உட்கார்ந்திருக்கிறது. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அந்த நிறுவனத்துக்கு அலுவலகம் இருக்கிறது. மதுரையிலேயே இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட்டின் ஐ.டி. பூங்காக்கள் இருக்கின்றன. ஆக, உங்கள் பிள்ளை வீட்டில் மல்லுக்கட்டுகிற விஷயம்தான் நாளை அலுவலகத்தில் சம்பளம் தரப்போகிற விஷயம்.

ரீ-இன்ஸ்டால் என்ற சர்வரோக நிவாரணி

சர்வர் ஓடவில்லை என்றவுடன் நம்மவர்கள் செய்யும் முதல் வேலை, டாம்கேட்டை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வது. அப்போதும் சரியாகவில்லை என்றால் ஜாவாவை அழிப்பது. அதற்கும் அசையவில்லை என்றால் விண்டோஸையே அழிப்பது. காய்ச்சல் வந்தவருக்கு வீட்டை மாற்றிப் பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும்.

ரீ-இன்ஸ்டால் ஏன் உதவாது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஜாவா எந்த போல்டரில் இருக்கிறது என்று சொல்லும் ஜாவா ஹோம் என்ற செட்டிங், விண்டோஸில் இருக்கிறது. டாம்கேட்டை அழித்தாலும் அது அப்படியே இருக்கும். 8080 என்ற போர்ட்டை வேறொரு சாஃப்ட்வேர் பிடித்து வைத்திருந்தால், டாம்கேட்டை நூறு முறை போட்டாலும் அந்த சாஃப்ட்வேர் இடத்தை விடாது. உங்கள் புராஜெக்ட்டின் பைலில் எழுத்துப் பிழை இருந்தால், புது டாம்கேட்டிலும் அதே பிழைதான் போய் உட்காரும்.

சில சமயம் ரீ-இன்ஸ்டால் செய்ததும் சரியாகிவிடுவது உண்டு. அது இன்னும் மோசம் என்பேன். ஏன் கெட்டது, ஏன் சரியானது என்று இரண்டும் தெரியாமல் போய்விடுகிறது. வைவா அன்று காலை அதே பிழை திரும்ப வந்தால் என்ன செய்வீர்கள்?

லாக் எங்கே இருக்கிறது?

டாம்கேட் இன்ஸ்டால் செய்த போல்டரைத் திறங்கள். அதற்குள் லாக்ஸ் என்று ஒரு போல்டர் இருக்கும். அதில் கேடலினா என்று தொடங்கித் தேதியோடு ஒரு பைல், லோக்கல்ஹோஸ்ட் என்று தொடங்கித் தேதியோடு இன்னொரு பைல் இருக்கும். இரண்டையும் நோட்பேடிலேயே திறக்கலாம். தனி சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம்.

கேடலினா பைல், சர்வரின் நாட்குறிப்பு. எத்தனை மணிக்கு எழுந்தேன், எந்தக் கதவைத் திறந்தேன், எது முடியவில்லை என்று வரிசையாக எழுதியிருக்கும். லோக்கல்ஹோஸ்ட் பைல், உங்கள் அப்ளிகேஷனின் புலம்பல். "ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட லிசனர்கள் தொடங்கவில்லை, முழு விவரம் வேறு பைலில்" என்ற பொருளில் கேடலினாவில் ஒரு வரி வரும். பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். அந்த "வேறு பைல்"தான் லோக்கல்ஹோஸ்ட். அதைத் திறந்தால் விடை இருக்கும்.

நூறு வரி சிவப்பாக ஓடுகிறதே, எங்கே பார்ப்பது? மூன்றே விஷயம் போதும். முதலில், கடைசியாக நீங்கள் சர்வரை ஸ்டார்ட் செய்த நேரத்துக்குக் கீழே உள்ள வரிகளை மட்டும் பாருங்கள். நேற்றைய பிழை இன்று நமக்கு வேண்டாம். இரண்டாவது, சிவியர் என்ற சொல் உள்ள முதல் வரியைத் தேடுங்கள். மூன்றாவது, அதற்குக் கீழே காஸ்ட் பை என்று தொடங்கும் வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். "இதற்குக் காரணம் இது, அதற்குக் காரணம் அது" என்று சங்கிலியாகப் போகும். அதில் கடைசியாக வரும் காஸ்ட் பை வரியில்தான் பெரும்பாலும் மூல காரணம் இருக்கும். நடுவில் இருப்பவை எல்லாம் வழிப்போக்கர்கள்.

அடிக்கடி வரும் ஆறு தொல்லைகள்

ஒன்று: கறுப்பு விண்டோ மின்னல் போல் வந்து மறைகிறது. ஸ்டார்ட்அப் பைலை டபுள் கிளிக் செய்கிறீர்கள். ஒரு விண்டோ வந்து, படிப்பதற்குள் மூடிக்கொள்கிறது. கமாண்ட் பிராம்ட்டைத் திறந்து, டாம்கேட்டின் 'பின்' என்ற போல்டருக்குப் போய், கேடலினா ரன் என்று அடித்துப் பாருங்கள். இப்போது விண்டோ மூடாது, செய்தி அப்படியே நிற்கும். பெரும்பாலும் ஜாவா ஹோம் குறிப்பிடப்படவில்லை என்று இருக்கும். ஜாவா ஹோமில் ஜாவா இருக்கும் மெயின் போல்டரின் முகவரியைக் கொடுக்க வேண்டும். பலர் அதற்குள் இருக்கும் 'பின்' போல்டரைக் கொடுத்துவிடுகிறார்கள். மாற்றிய பிறகு பழைய கமாண்ட் பிராம்ட்டை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும். திறந்திருக்கும் விண்டோவுக்குப் புது செட்டிங் தெரியாது.

இரண்டு: முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்ற செய்தி. போர்ட் என்பது கதவு எண் மாதிரி. ஒரே கதவில் இரண்டு பேர் உட்கார முடியாது. டாம்கேட் கேட்பது 8080. நம் கல்லூரிகளில் வெகுகாலம் பழக்கத்தில் இருந்த ஆரக்கிள் 10ஜி, 11ஜி எக்ஸ்பிரஸ் எடிஷன்களும் தங்கள் இணையப் பக்கத்துக்கு அதே 8080ஐத்தான் பிடித்துக்கொண்டன. ஒரே புராஜெக்ட்டுக்கு இரண்டும் வேண்டும், இரண்டுக்கும் ஒரே கதவு வேண்டும்! யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, நெட்வொர்க் பகுதியில் லிசனிங் போர்ட்ஸ் பட்டியலைப் பாருங்கள். 8080க்கு நேரே சாஃப்ட்வேரின் பெயர் இருக்கும். அது நீங்கள் முன்பு ஸ்டார்ட் செய்து மூட மறந்த டாம்கேட்டாகவே இருக்கலாம். வேறு சாஃப்ட்வேர் என்றால், டாம்கேட்டின் கான்ஃப் போல்டரில் சர்வர் டாட் எக்ஸ்.எம்.எல். பைலில் 8080ஐ 9090 என்று மாற்றி சேவ் செய்யுங்கள். டாம்கேட்டை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் வேலை முடிந்தது.

மூன்று: 404. இதைப் பார்த்ததும் "சர்வர் அவுட்" என்று சொல்லிவிடுகிறார்கள். நான் சொல்வேன், 404 நல்ல சகுனம்! சர்வர் உயிரோடு இருக்கிறது, உங்கள் ஆர்டரைக் காதில் வாங்கியிருக்கிறது, அந்தப் பெயரில் ஐட்டம் இல்லை என்று பதிலும் சொல்கிறது. வார் பைலின் பெயர்தான் முகவரியில் வர வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் விண்டோஸுக்கு முக்கியமில்லை; டாம்கேட்டுக்கு முக்கியம். முகவரி சரியாக இருந்தும் 404 வந்தால், அப்ளிகேஷன் தொடங்கும்போதே விழுந்திருக்கலாம். உடனே லோக்கல்ஹோஸ்ட் லாகுக்குப் போங்கள்.

நான்கு: வெர்ஷன் சண்டை. சீனியரிடம் வாங்கிய பழைய புராஜெக்ட்டைப் புது டாம்கேட்டில் போட்டால் ஓடாது. இது நம்மில் பலரைக் குழப்புகிறது. ஜாவாவின் எண்டர்பிரைஸ் பகுதியை ஆரக்கிள் நிறுவனம் 2017இல் எக்ளிப்ஸ் அமைப்பிடம் ஒப்படைக்க முடிவு செய்தது. ஆனால் ஜாவாஎக்ஸ் என்ற பெயரின் கீழ் புதிதாக எதையும் மாற்ற உரிமை கிடைக்கவில்லை. அதனால் 2020 இறுதியில் வந்த ஜகார்த்தா இ.இ. 9இல் அந்தப் பெயர்கள் எல்லாம் ஜகார்த்தா என்று மாறின. டாம்கேட் 9 வரை பழைய பெயர். 10 முதல் புதுப் பெயர். பழைய புராஜெக்ட்டைத் தொடாமல் ஓட்ட வேண்டும் என்றால் டாம்கேட் 9ஐப் போடுங்கள். அல்லது டாம்கேட் 10க்குள் வெப்ஆப்ஸ் போல்டருக்குப் பக்கத்தில் வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ என்று ஒரு போல்டர் உருவாக்கி வார் பைலை அதில் போடுங்கள். டாம்கேட்டே பெயர்களை மாற்றி எடுத்துக்கொள்ளும்.

இதோடு ஜாவா வெர்ஷனையும் கவனியுங்கள். டாம்கேட் 9க்கு ஜாவா 8 போதும். 10.1க்கு 11 வேண்டும். டாம்கேட் 11க்கு ஜாவா 17 வேண்டும். லாகில் கிளாஸ் வெர்ஷன் 61 என்று புகார் வந்தால், அந்த பைல் ஜாவா 17இல் கம்பைல் செய்யப்பட்டது, உங்களிடம் ஓடுவது அதைவிடப் பழைய ஜாவா என்று பொருள். 52 என்றால் ஜாவா 8. 55 என்றால் ஜாவா 11. எண்ணிலிருந்து 44ஐக் கழித்தால் வெர்ஷன் வந்துவிடும்.

ஐந்து: டேட்டாபேஸ் டிரைவர். கிளாஸ் கிடைக்கவில்லை என்று சொல்லி அதில் டிரைவரின் பெயர் இருந்தால், அந்த டேட்டாபேஸுக்கான ஜார் பைல் உங்கள் அப்ளிகேஷனின் வெப்-இன்ஃப் போல்டருக்குள் உள்ள லிப் போல்டரில் இல்லை. எக்ளிப்ஸில் சேர்த்தேனே என்பீர்கள். எக்ளிப்ஸில் சேர்த்தது கம்பைல் செய்ய. சர்வருக்குத் தனியாக வேண்டும். மைக்ரோசாஃப்ட் அக்சஸை ஓ.டி.பி.சி. பாலம் வழியாக இணைத்த பழைய புராஜெக்ட் என்றால் வேறு கதை. அந்தப் பாலத்தையே 2014இல் வந்த ஜாவா 8இல் நீக்கிவிட்டார்கள். எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. மைசீக்வல் போன்ற வேறு டேட்டாபேஸுக்கு மாறுவதே நல்லது.

ஆறு: தமிழ் எல்லாம் கேள்விக்குறி. இது நமக்கே உரிய தொல்லை. ஆங்கில டுடோரியல்களில் இதைப் பற்றிப் பேசுவது குறைவு. "மீனாட்சி" என்று படிவத்தில் டைப் செய்தால் டேட்டாபேஸில் வரிசையாகக் கேள்விக்குறி. உடனே "ஜாவாவில் தமிழ் வராது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். ஜாவா தொடக்கத்திலிருந்தே யூனிகோடை உள்ளே வைத்துப் பிறந்த மொழி. குற்றம் வழியில் இருக்கிறது.

யூ.டி.எஃப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக் குறியீட்டுக்கு 3 பைட் வேண்டும். பிரவுசரிலிருந்து டேட்டாபேஸ் வரை போகும் வழியில் ஒரு இடத்தில் யாராவது இதை ஐரோப்பிய எழுத்து என்று நினைத்துவிட்டால் போதும், தமிழ் போய்விடும். நான்கு இடங்களைச் சரிபாருங்கள். ஜே.எஸ்.பி. பக்கத்தின் என்கோடிங் யூ.டி.எஃப்-8 என்று இருக்க வேண்டும். சர்வ்லெட்டில் படிவத் தகவலைப் படிப்பதற்கு முன்பே கேரக்டர் என்கோடிங்கை யூ.டி.எஃப்-8 என்று சொல்லிவிட வேண்டும். படித்த பிறகு சொல்லிப் பயன் இல்லை. டாம்கேட் 7 அல்லது அதற்கு முந்தையது என்றால் சர்வர் டாட் எக்ஸ்.எம்.எல்.இல் யூ.ஆர்.ஐ. என்கோடிங்கும் கொடுக்க வேண்டும். 8 முதல் அது தானாகவே யூ.டி.எஃப்-8. கடைசியாக, மைசீக்வலில் டேபிள் யூ.டி.எஃப்8எம்பி4 வகையாக இருக்க வேண்டும். 2018இல் வந்த மைசீக்வல் 8 முதல் புது டேபிள்களுக்கு இதுவே இயல்பு. பழையவற்றில் நாமே சொல்ல வேண்டும்.

திரையில் வருவதைப் பார்த்தே கோளாறு எப்படிப்பட்டது என்று ஊகிக்கலாம். தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகள் சிதறிக் கிடந்தால், தகவல் அநேகமாகப் பத்திரமாக இருக்கிறது, படிப்பவர் தவறாகப் படிக்கிறார். டேட்டாபேஸிலேயே வெறும் கேள்விக்குறி இருந்தால், தகவல் அழிந்துவிட்டது. அதை மீட்க முடியாது.

பாமினி, டாப், டாம், டிஸ்கி என்று ஊருக்கு ஒரு எழுத்துருவோடு கஷ்டப்பட்டு, 2010இல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்கும் வரை நாம் காத்திருந்தோம். அதன் பிறகும் ஒரு மாணவர் "தமிழ் வரவில்லை, ஆங்கிலத்திலேயே செய்துவிட்டேன்" என்று சொன்னால், அதற்குக் காரணம் இந்த நான்கு இடங்களை அவருக்கு யாரும் காட்டவில்லை என்பதுதான். தாத்தாவின் பென்ஷன் விவரத்தையோ, ரேஷன் கடை இருப்பையோ தமிழில் காட்டும் ஒரு சின்ன அப்ளிகேஷன் நம் ஊரில் பிறக்காமல் போவது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

ரெடிமேட் புராஜெக்ட்: யாருக்கு லாபம்?

இவ்வளவு தொல்லை எதற்கு, பணம் கொடுத்தால் ரெடிமேடாகத் தருகிறார்களே என்று கேட்கலாம். தருகிறார்கள். சோர்ஸ் கோடு, ரிப்போர்ட், பவர்பாயிண்ட் எல்லாம் சேர்த்து. சில இடங்களில் உங்கள் லேப்டாப்பிலேயே டாம்கேட்டைப் போட்டு, ஓட்டிக் காட்டி, "எதையும் தொடாதீர்கள்" என்று எச்சரித்தும் அனுப்புகிறார்கள்.

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். எதையும் தொடாதீர்கள்! கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளையிடம் சொல்லக்கூடிய வாக்கியமா இது?

எல்லாப் பயிற்சி மையங்களையும் ஒரே தராசில் வைக்கவில்லை. பொறுமையாக உட்கார வைத்துச் சொல்லித் தருபவர்களும் இருக்கிறார்கள். கல்லூரி லேபில் கிடைக்காத நேரத்தை அவர்கள் தருகிறார்கள். அவர்களிடம் போவது நல்லதே. ஒரு சோதனை வைத்துப் பாருங்கள்: பிழை வந்தால் அவர்கள் கீபோர்டைப் பிடுங்கிச் சரிசெய்கிறார்களா, அல்லது "லாகில் என்ன இருக்கிறது, படி" என்கிறார்களா? இரண்டாமவர் கிடைத்தால் விடாதீர்கள்.

வேலைக்குப் போகும் முதல் வருடம் புதிதாக ஒரு அப்ளிகேஷனை எழுதும் வாய்ப்பு சிலருக்குத்தான் கிடைக்கும். பலருக்கும் கிடைப்பது, யாரோ எழுதி எப்போதோ ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று திடீரென்று நின்றுபோனால் ஏன் என்று கண்டுபிடிக்கும் வேலை. அந்த வேலைக்கான ஒத்திகைதான் வீட்டில் டாம்கேட்டோடு படும் பாடு. அந்த ஒத்திகையைப் பணம் கொடுத்து வேறொருவரைச் செய்யச் சொல்வது, நீச்சல் பழக ஆள் வைத்து அவரை நீந்தச் சொல்வது போல்தான்.

கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வைவாவில் ரிப்போர்ட்டின் பைண்டிங்கையும் திரையின் கலரையும் பார்த்து மார்க் போடுகிறீர்கள். அதில் ஒரு பத்து மார்க்கை இதற்கு ஒதுக்குங்கள்: "தம்பி, 8080ஐ 9090 ஆக்கி என் முன்னால் ஓட்டிக் காட்டு", "அம்மா, டேட்டாபேஸை நிறுத்திவிட்டேன், லாகில் என்ன வந்திருக்கிறது என்று படித்துச் சொல்" என்று கேளுங்கள். சொந்தமாகச் செய்தவருக்கு ஐந்து நிமிட வேலை. விலைக்கு வாங்கியவருக்கு வியர்க்கும். செய்தவரும் வாங்கியவரும் ஒரே மார்க் வாங்குவதுதான் இன்று உண்மையாக உழைக்கும் மாணவருக்கு நடக்கும் அநீதி.

"இப்போதெல்லாம் இது தேவையா?"

இரண்டு எதிர்வாதங்கள் வரும். முதலாவது: இப்போது ஸ்பிரிங் பூட் வந்துவிட்டது, சர்வரைத் தனியாகப் போட வேண்டாமே? உண்மைதான். 2014இல் ஸ்பிரிங் பூட்டின் முதல் வெர்ஷன் வந்த பிறகு சர்வர் அப்ளிகேஷனுக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஆனால் உள்ளே இயல்பாக உட்கார்ந்திருப்பது அதே டாம்கேட். அது கேட்கும் போர்ட் அதே 8080. இடம் இல்லை என்றால் அதே சண்டை. கிளவுடில் ஏற்றினாலும் அங்கேயும் படிக்க வேண்டியது லாக்தான்.

இரண்டாவது: ஏ.ஐ.யிடம் கேட்டால் சொல்லிவிடுமே? கேளுங்கள், தவறே இல்லை. ஆனால் "சர்வர் ஓடவில்லை" என்று மட்டும் கேட்டால், அதுவும் ஊரில் உள்ள எல்லாக் காரணத்தையும் அடுக்கும். கடைசியில் ரீ-இன்ஸ்டால் செய்யுங்கள் என்றும் சொல்லக்கூடும். கடைசி காஸ்ட் பை வரியையும், உங்கள் டாம்கேட், ஜாவா வெர்ஷன்களையும் சேர்த்துக் கேட்டால்தான் உருப்படியான பதில் வரும். டாக்டரிடம் போனாலும் எங்கே வலிக்கிறது என்று நாம்தானே சொல்ல வேண்டும்?

வீட்டுக் கம்ப்யூட்டர் எல்லோருக்கும் பொது

இப்போது பெற்றோருக்கு. உங்கள் கம்ப்யூட்டரில் டாம்கேட் ஓடுகிறது என்றால், அதில் ஒரு கதவு திறந்திருக்கிறது என்று பொருள். அதே கம்ப்யூட்டரில்தான் நீங்கள் பேங்க் வேலையும் பார்க்கிறீர்கள்.

டாம்கேட் 5.5, 6.0 வெர்ஷன்களின் விண்டோஸ் இன்ஸ்டாலர், அட்மின் பாஸ்வேர்டைக் காலியாகவே வைத்துவிட்டது என்பது 2009இல் வெளியானது. 2020 பிப்ரவரியில் கோஸ்ட்கேட் என்ற ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. டாம்கேட் இயல்பாகவே திறந்து வைத்திருந்த 8009 என்ற போர்ட் வழியாக அப்ளிகேஷனின் பைல்களை வெளியார் படிக்க முடிந்தது. 9.0.31, 8.5.51, 7.0.100 ஆகிய வெர்ஷன்களில் இதைச் சரிசெய்தார்கள். அமெரிக்காவில் ஈக்விஃபாக்ஸ் என்ற பெரிய நிறுவனத்தில் 2017இல் நடந்தது இன்னும் பெரிய பாடம். ஸ்டிரட்ஸ் என்ற ஜாவா வெப் தொகுப்பில் இருந்த ஓட்டைக்கு மார்ச் மாதமே திருத்தம் வந்துவிட்டது. அதைப் போடாமல் விட்டதால், மே மாதத்திலிருந்து உள்ளே புகுந்தவர்கள் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்களை அள்ளிச் சென்றார்கள்.

உங்கள் வீட்டுக்கு நான்கு விஷயம் போதும். பழைய சி.டி.யிலோ நண்பரின் பென் டிரைவிலோ இருக்கும் டாம்கேட்டைப் போடாதீர்கள். அப்பாச்சி தளத்திலிருந்து நேரடியாக டவுன்லோட் செய்யுங்கள். 8.5 வரிசைக்கு 2024 மார்ச் 31உடன் ஆதரவு முடிந்துவிட்டது. மேனேஜர் பகுதிக்கு அட்மின், டாம்கேட் என்று எல்லோருக்கும் தெரிந்த பாஸ்வேர்டை வைக்காதீர்கள். ஃபயர்வால் அனுமதி கேட்கும்போது பப்ளிக் நெட்வொர்க் கட்டத்தில் டிக் செய்யாதீர்கள். விண்டோஸ் சர்வீசஸ் பட்டியலில் டாம்கேட் ஆட்டோமேட்டிக் என்று இருந்தால் மேனுவல் என்று மாற்றுங்கள். "புராஜெக்ட் முடிந்ததிலிருந்து கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது" என்ற புகாருக்கும் இதுவே பாதி மருந்து. யாரும் பயன்படுத்தாத சர்வர், கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போதெல்லாம் எழுந்து மெமரியில் உட்கார்ந்திருக்கும்.

2025-26 தமிழக பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவதாக அறிவித்தார்கள். கம்ப்யூட்டர் கையில் கிடைப்பது ஒரு காலத்தில் பெரிய தடையாக இருந்தது. அது நீங்கிக்கொண்டே வருகிறது. அடுத்த தடை, பிழைச் செய்தியைக் கண்டதும் வரும் பயம்.

அந்தப் பயத்துக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு முறை சர்வர் மக்கர் செய்யும்போதும் தேதி, லாகில் இருந்த வரி, காரணம், சரிசெய்த விதம் என்று நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். ரிப்போர்ட் பைண்டிங்குக்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அப்புறம் பாருங்கள், மார்ச் மாதத்தில் தெருவில் உள்ள மற்ற பிள்ளைகள் எல்லாம் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்!